மூன்றாம் ரீலின் வால்

டோக்கியோவில் பழைய படங்கள் மட்டும் போடும் சின்னத் திரையரங்கு ஒன்றில் ஆபரேட்டராக இருக்கிறேன். அன்றைக்கு 1974இல் வந்த ஒரு கராத்தே படம். அதில் நடித்த இரண்டு பெண்கள் விருந்தினராக வந்திருந்தார்கள். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது.

1973 டிசம்பரில் புரூஸ் லீயின் 'எண்டர் தி டிராகன்' ஜப்பானில் வெளியாகிச் சக்கைப்போடு போட்டது. மறுவருடமே தோயெய் நிறுவனம் கராத்தே படங்களை வரிசையாக இறக்கியது. 18 வயது ஷிஹோமி எட்சுகோ சண்டைப்பட நாயகி ஆனதும் அந்த வருடம்தான். அவரை எல்லோருக்கும் தெரியும். அந்த மாதிரிப் படங்களில் உதை வாங்கி விழுந்த பெண்களைத்தான் யாருக்கும் தெரியாது. வந்திருந்த இருவரும் அப்படி விழுந்தவர்கள்.

35 எம்.எம். ரீல் ஒன்று 2000 அடி, ஏறக்குறைய 20 நிமிடம் ஓடும். முடியப்போகும்போது வலது மேல்மூலையில் ஒரு புள்ளி வரும், அடுத்த ரீல் மாட்டியிருக்கும் இன்னொரு மெஷினின் மோட்டாரைப் போடவேண்டும். இன்னொரு புள்ளி வந்ததும் அதற்கு மாற்றவேண்டும். ரீலின் தலையும் வாலும்தான் அதிகம் அடிபடுகிற இடங்கள். கிழிந்ததை வெட்டி ஒட்டும்போதெல்லாம் சில ஃபிரேம்கள் போய்விடும். முந்தைய வாரம் பிரிண்டைச் சோதித்தபோது, "3ஆம் ரீல், வால், 7 ஒட்டு" என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

படம் முடிந்ததும் அவர்களில் ஒருவர் கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாகப் படியேறி கேபினுக்கே வந்துவிட்டார்.

"கூரையிலிருந்து குதிப்பது நான்தான். தரையில் இறங்குவது ஏன் இல்லை?"

மூன்றாம் ரீலை எடுத்து விளக்குமேசையில் அந்த இடத்தை விரித்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு ஃபிரேமாகப் பார்த்தார். அந்தரத்தில் அவர். அப்புறம் ஓர் ஒட்டு. அதற்கடுத்து வேறு யாருடைய முகமோ.

"கீழே அட்டைப்பெட்டிதான் அடுக்கியிருந்தார்கள். கால் பிசகித் தடுமாறிவிட்டேன். அதை அப்படியே படத்தில் வைத்துவிட்டார்கள் என்று எத்தனை நாள் வெட்கப்பட்டிருக்கிறேன் தெரியுமா?" என்றார். விரல் அந்த ஒட்டின்மேலேயே இருந்தது. "இன்று அதைப் பார்க்கலாம் என்றுதான் வந்தேன்."

என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வெட்டியது நான் இல்லை. எத்தனையோ ஊர்களில், எத்தனையோ கேபின்களில், என்னைப்போல ஒருவர் படம் நின்றுவிடக்கூடாதே என்ற அவசரத்தில் வெட்டி ஒட்டியிருப்பார். நானும் அப்படி ஒட்டியவன்தான். எதை வெட்டினேன் என்று ஒருமுறையும் குறித்து வைத்ததில்லை.

குறிப்பேட்டை அவர் முன்னால் வைத்து, "7 ஒட்டு" என்ற வரிக்குப் பக்கத்தில் அவர் பெயரை எழுதித் தரும்படி கேட்டேன். படத்தின் பெயர்ப்பட்டியலில் ஓர் எழுத்துத் தவறாக இருந்தது என்று சொல்லிக்கொண்டே, நிதானமாக எழுதிக் கொடுத்தார்.