பத்து நிமிட வெளிச்சம்

"இப்போதுதான் விளக்கை அணைத்தார்களாம். தாங்கள் காத்திருக்க இயலுமா?" என்று கேட்டார் அக்கா.

மொரீஷியசில் மூன்று நாட்களாக அவர் வீட்டில்தான் தங்கியிருந்தேன். அக்கா தமிழாசிரியர். கணவரிடமும் மகளிடமும் பேசுவது கிரியோல். என்னிடம் மட்டும் தமிழ், அதுவும் பாடநூலிலிருந்து எழுந்து வந்த தமிழ். மதுரைக்காரியான எனக்கு முதல் நாள் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டாம் நாள் நானே "தேநீர் அருந்துகிறேன்" என்று சொல்லத் தொடங்கியிருந்தேன்.

அணைந்தது, போர்ட் லூயிஸ் துறைமுகக் கரையில் கோடான் வளாகத்தில் இருக்கும் புளூ பென்னி அருங்காட்சியகத்தின் விளக்கு. 1847 செப்டம்பரில் இந்தத் தீவு வெளியிட்ட முதல் தபால்தலைகளில் இரண்டு அங்கே இருக்கின்றன. வெளிச்சம் பட்டால் சாயம் வெளிறிவிடும் என்பதால் மணிக்கு ஒருமுறை, பத்தே நிமிடம் விளக்குப் போடுகிறார்கள். மற்ற நேரங்களில் நகலைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தப்பு என்னுடையது. வழியில் இரண்டாவது தால் பூரி கேட்டவள் நான்தான்.

நகலைப் பார்க்க இவ்வளவு தூரம் வர வேண்டுமா? நடந்து போகும் தொலைவிலேயே பழைய தலைமைத் தபால் நிலையம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கல் கட்டடம், இப்போது தபால் அருங்காட்சியகம். அங்கே போனோம்.

தபால்தலைத் தட்டிகளை வேகமாகக் கடந்துவிட்டேன். என் கால் நின்றது தந்திக் கருவிகளுக்கு முன்னால். அப்பா தந்தி அலுவலகத்தில் மோர்ஸ் தட்டியவர். ஒலி தெளிவாகக் கேட்பதற்காக, வரும் சேதியை 'டக் டக்' என்று ஒலிக்கும் சவுண்டர் கருவிக்குப் பின்னால் காலி சிகரெட் டின் ஒன்றைச் செருகி வைப்பாராம். வாழ்த்துத் தந்திகளுக்கு எண்கள் உண்டு. முழு வாசகத்தையும் தட்ட வேண்டாம், எண்ணை அனுப்பினால் போதும். 8 என்றால் கல்யாண வாழ்த்து. முகூர்த்த நாட்களில் எட்டு எட்டாகத் தட்டியே மணிக்கட்டு வீங்கிவிடும் என்பார். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவையை நிறுத்தியபோது, கடைசித் தந்தி கொடுக்க எங்கும் ஒரே கூட்டம். அப்பா போகவில்லை. "இத்தனை வருஷம் இவர்கள் எல்லாரும் எங்கே இருந்தார்கள்?" என்று மட்டும் கேட்டார்.

கண்ணாடிக்கு வெளியே நின்று அக்காவுக்குப் புள்ளியையும் கோட்டையும் தட்டிக் காட்டினேன்.

"அப்படியானால் இது குறிலும் நெடிலும்தானே!" என்றார்.

இது இத்தனை வருடங்களில் எனக்குத் தோன்றியதே இல்லை.

"தமிழிலும் தந்தி உண்டா?"

"தமிழ்ச் சொற்களையும் ஆங்கில எழுத்தில்தான் அடிப்பார்களாம், அக்கா."

"எங்கள் பெயர்களைப் போல" என்றார்.

அவர் சொன்னது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. 1834 முதல் ஏறத்தாழ நான்கரை லட்சம் ஒப்பந்தக் கூலிகள் இந்தியாவிலிருந்து இந்தத் தீவுக்கு வந்தார்கள். அவர்கள் ஏறிய படிகள், அப்ரவாசி காட், அங்கிருந்து கூப்பிடு தூரம். வந்தவர் வாயால் சொன்ன பெயரைக் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். முத்துசாமி 'மூட்டூசாமி' ஆனார். பேரன் பேத்திகளுக்கு அதுவே குடும்பப் பெயர். அனுப்பியது ஒன்று, போய்ச் சேர்ந்தது ஒன்று. திருத்தி மறுபடி அனுப்ப யாரும் இல்லை.

மொரீஷியசுக்குச் சொந்தமான தொலைதூரத் தீவுகளுக்குக் கடிதம் போன கதைக்கு இங்கே தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ரோட்ரிகஸ், அகலேகா, செயின்ட் பிரான்டன். ரோட்ரிகஸ் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது இந்தோனேசியாவின் கிரகட்டோவா. 1883 ஆகஸ்டில் அந்த எரிமலை வெடித்த சத்தம் சுமார் 4,800 கிலோமீட்டர் கடலைக் கடந்து, நான்கு மணி நேரம் கழித்து ரோட்ரிகஸில் கேட்டது. தூரத்தில் பீரங்கி முழங்குவதுபோல் இருந்தது என்று அங்கிருந்த காவல் அதிகாரி பதிவு செய்தார். சத்தம் வந்துவிட்டது, சேதி வரவில்லை. என்ன வெடித்தது என்று கேட்டறியத் தீவுக்குத் தந்திக் கம்பி கிடையாது. கப்பல் வந்தால்தான் உண்டு. மொரீஷியசுக்கே சான்சிபாரிலிருந்து சீஷெல்ஸ் வழியாகக் கடலடிக் கம்பி வந்தது 1893இல், ரோட்ரிகஸுக்கு 1901இல்.

மணியைப் பார்த்த அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். மறுபடி ஓட்டம்.

டிக்கெட் வாங்க நான் நீட்டிய ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ் இருந்தது. 1998இல் அச்சிட்ட புதிய நோட்டுகளில் இந்தியை மேலே ஏற்றித் தமிழைக் கீழே இறக்கியபோது தமிழர்கள் கொதித்தெழ, அந்த நோட்டுகளையே அரசு திரும்பப் பெற வேண்டியதாயிற்று. "பேசுவது குறைவு. ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டோம்" என்றார் அக்கா.

விளக்கு எரிந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துண்டுத் தாள். செம்மஞ்சளில் ஒரு பென்னி, நீலத்தில் இரண்டு பென்னி. நீலம் இரண்டு பென்னி என்றால் 'புளூ பென்னி' என்ற பெயரே தப்பு, அதை இனி யார் மாற்றப்போகிறார்கள்? ஜோசப் ஆஸ்மண்ட் பர்னார்ட் என்பவர் செதுக்கியவை. வகைக்கு 500 அச்சிட்டதில், இரண்டும் சேர்த்து இன்று 27தான் இருப்பது தெரியும். இந்த இரண்டையும் 1993 ஏலத்தில் மொரீஷியஸ் நிறுவனங்கள் கூட்டாக வாங்கி ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்தன. முதலில் ஒட்டப்பட்டவற்றில் பல, ஆளுநரின் மனைவி சீமாட்டி கோம் நடத்திய நடன விருந்துக்கான அழைப்பு உறைகளில் ஒட்டப்பட்டவை. பக்கத்து ஊருக்கு விருந்து அழைப்பு! விக்டோரியா ராணியின் முகம் எனக்கு அவ்வளவு அழகாகப் படவில்லை. கழுத்தின் கீழ் பர்னார்ட் தன் முதலெழுத்துகளைச் செதுக்கியிருக்கிறார் என்று படித்திருந்தேன். அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இருட்டிவிட்டது.

அன்றிரவு வாட்ஸ்அப்பில் அப்பாவை அழைத்தேன். தபால்தலை பற்றி அவர் கேட்கவே இல்லை. கருவியில் பித்தளை மங்கியிருக்கிறதா என்று கேட்டார். அக்கா திரைக்குள் எட்டிப் பார்த்து வணக்கம் சொல்லி, தம் மகளுக்குத் தை மாதம் திருமணம், தாங்கள் அவசியம் வருகை தர வேண்டும் என்றார்.

அப்பா பதில் சொல்லவில்லை. முன்னால் இருந்த மேசையில் விரலால் தட்டினார். மூன்று நெடில், இரண்டு குறில்.