கடைமடையில் என் முகம்

கோபிச்செட்டிபாளையத்துக்கு லீவில் வந்து ஒரு வாரம் ஆகிறது. நேற்று வாசலில் கரண்ட் கம்பத்தில் ஏணி சாத்தி, கேபிள்கார அண்ணன் எங்கள் ஃபைபர் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏணியைப் பிடித்தபடி நின்றேன். அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்று நெஞ்சில் கிடந்தது.

ஜெர்மனியில், டார்ட்மண்டில் என் வாடகை வீட்டுச் சுவரில் மூன்று துளை உள்ள ஒரு பாயின்ட் இருக்கிறது. டிவிக்கு ஒன்று, ரேடியோவுக்கு ஒன்று, மரை போட்ட மூன்றாவது மோடத்துக்கு. ஜெர்மன் தபால் துறை 1980களில் டிவிக்காகப் புதைக்கத் தொடங்கிய செப்பு கேபிள்கள் வழியாகத்தான் அங்கே பல வீடுகளுக்கு இன்றும் இன்டர்நெட் வருகிறது. கனெக்‌ஷன் கொடுக்க, 'காலை 8 முதல் 12 வரை வீட்டில் இருங்கள்' என்றார்கள். வேலைக்கு லீவு போட்டுக் காத்திருந்தேன், ஆள் வரவில்லை. அடுத்த தேதி இரண்டு வாரம் கழித்து.

ஞாயிறு சாயங்காலம் அங்கே 5 மணி என்றால் குளிர்காலத்தில் இங்கே ராத்திரி 9.30. வீடியோ காலில் அம்மா முகம் துல்லியமாக இருக்கும். "கண்ணு, உம்பட மூஞ்சி அப்படியே நின்னு போச்சு" என்பார். ஊர் லைன்தான் மோசம் என்று முடிவுகட்டி அண்ணனுக்கு போன் போட்டுச் சத்தம் போட்டேன்.

அப்புறம்தான் புரிந்தது. டிவி கேபிள் வீட்டுக்குள் படத்தைக் கொண்டுவரப் போட்டது, வெளியே அனுப்ப அல்ல. 1997இல் அமெரிக்காவில் கேபிள் மோடங்களுக்கு டாக்சிஸ் என்ற பொது முறை வந்து எந்தக் கம்பெனி மோடமும் பொருந்தும் என்றானபோதும் அந்த அமைப்பு மாறவில்லை. ஐரோப்பாவில் ஏற்றத்துக்கு, அதாவது வீட்டிலிருந்து வெளியே அனுப்ப, 5 முதல் 65 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை வரைதான் விட்டார்கள், அதற்கு மேலே எல்லாம் இறக்கத்துக்கு, அதாவது வீட்டுக்குள் வருவதற்கு. 1000 மெகாபிட் திட்டத்திலேயே ஏற்றம் 50தான். அந்தக் குறுகல் வழியையும் தெருவே பங்கு போட்டுக்கொள்கிறது. தடப்பள்ளி வாய்க்காலில் மேலே எல்லோரும் ஒரே நேரத்தில் மடை திறந்தால் கடைமடைக்கு என்ன வரும்?

நம் ஊர் கேபிள் லைன்களில் பெரும்பாலும் வீட்டிலிருந்து திரும்பிப் போகும் வழியே கிடையாது. அதனால் கேபிள் மோடம் இங்கே பரவவில்லை. 2004இல் 256 கிலோபிட்டையே பிராட்பேண்ட் என்று சொன்ன நாடு இது. பிற்பாடு ஆபரேட்டர்கள் நேராக ஃபைபர் இழுத்தார்கள். அம்மா வீட்டில் இன்றைக்கு ஏற்றம் 100, இறக்கமும் 100.

அண்ணன் இறங்கியதும், "தப்பு என்ற பக்கமுங்கண்ணா, மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அப்படிங்களா தம்பி? நானு ரெண்டு தடவ கனெக்டர மாத்திப்போட்டனுங்களே."