ஒரு பிடிஎஃப் நூலகம் தந்த தலைவலி

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் ஏழு பேர் சேர்ந்து சரக்கு நிறுவனங்களுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிறோம். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஒப்பந்தத்தில் புதிதாக ஒன்று கேட்டார்: உள்ளே இருக்கும் ஓப்பன் சோர்ஸ் நூலகங்கள் (மற்றவர்கள் எழுதித் திறந்துவைத்த, நாங்கள் எடுத்துச் சேர்த்த நிரல்கள்), அவற்றின் உரிமங்கள், முழுப் பட்டியல்.

அரை நாள் வேலை என்று நினைத்து உரிமங்களைத் தேடித் தரும் ஸ்கேன்கோடு கருவியை ஓடவிட்டேன். பெரும்பாலும் எம்ஐடி, அப்பாச்சி என்ற தாராளமான இலவச உரிமங்கள். பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே வைத்தால் தீர்ந்தது. அப்புறம் வந்தது ஐடெக்ஸ்ட் 5, எங்கள் பில்லைப் பிடிஎஃப் ஆக்கும் நூலகம். 2009-இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்து அது, மூலநிரலைத் திறந்து தரச் சொல்லும் ஏஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. வேண்டாமென்றால் காசு கொடுத்து வணிக உரிமம் வாங்கலாம். அதைச் சேர்த்தவன் நான்தான். உரிமக் கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"நம்ம சர்வர்லதானே ஓடுது, யாருக்கும் பிரதி கொடுக்கலையே" என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிரதி கொடுத்தால் மட்டும் மூலநிரலைக் கேட்கும் ஜிபிஎல் உரிமம் என்றால் அது செல்லும். ஏஜிபிஎல்லின் 13ஆம் பிரிவு அந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது: மாற்றியமைத்த மென்பொருளை நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்துவோருக்கும் மூலநிரல் கிடைக்க வேண்டும். ஆனால் நாங்கள் நூலகத்தில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லையே, அழைத்தோம், அவ்வளவுதான். அதற்காக எங்கள் நிரல் முழுவதும் 'மாற்றியமைத்த பதிப்பு' ஆகிவிடுமா?

வழக்கறிஞரிடம் இதைத்தான் கேட்டேன். "ரெண்டு பக்கமும் வாதாடலாம் தம்பி. வாதாடுற இடத்துக்குப் போகணுமாங்கிறதுதான் கேள்வி" என்றார். சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டத்திலும் கணினி நிரல் இலக்கியப் படைப்பு வகையில்தான் வருகிறதாம். என் நிரலைப் படித்தவர்கள் நம்பமாட்டார்கள்.

சரி, ஐடெக்ஸ்ட்டைக் கழற்றிவிடுவோம் என்று ஓப்பன்பிடிஎஃப் என்ற நூலகத்துக்கு மாறினோம். ஐடெக்ஸ்ட் 4-இலிருந்து கிளைத்தது அது. எல்ஜிபிஎல், எம்பிஎல் என்ற இரண்டு உரிமங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எம்பிஎல்லை எடுத்தோம்: அந்த நூலகத்தின் கோப்புகளை மாற்றிப் பிறருக்குக் கொடுத்தால் அந்தக் கோப்புகளின் மூலத்தைத் தந்தால் போதும். எங்கள் நிரலில் நூலகத்தை அழைக்கும் பேக்கேஜ் பெயர்களை மாற்ற ஒரு காலைப்பொழுது. பில்லில் கட்டங்கள் நேராக நிற்க இரண்டு வாரம்.

ஐடெக்ஸ்ட்டோடு ஏற்கெனவே ஓடிய இரண்டு ஆண்டுகளுக்கு என்ன செய்வது? "உள்ளதை உள்ளபடி எழுதுங்க" என்றார் வழக்கறிஞர். எந்தத் தேதிவரை ஐடெக்ஸ்ட், எப்போதிருந்து ஓப்பன்பிடிஎஃப் என்று பட்டியலில் எழுதி அனுப்பினேன். வாடிக்கையாளர் அதைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. அவர்கள் கேட்ட ஒரே கேள்வி, எம்ஐடிக்குப் பணம் கட்டிவிட்டீர்களா என்பதுதான்.