நுரைக்கு 40, மாம்பழத்துக்கு 5

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த ஒரு வாரத்தில் பார்க்க வந்தவர்கள் கொடுத்த மாம்பழ ஜூஸ் பாக்கெட்டுகளை ஒரு பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தோம். அவர் அங்கே படுத்திருந்ததே சர்க்கரை ஏறி, காலில் புண் ஆறாமல் போனதால்தான். கொண்டுவந்த யாரையும் குறை சொல்ல மாட்டேன், அத்தனையும் பாசம். மாமா ஒருவர் முதலில் கலர் வாங்கப் போய், கேஸ் உடம்புக்கு ஆகாது என்று மனசு மாறி ஜூஸோடு வந்தார். ராத்திரி தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தேன். 100 மில்லிக்கு 13 கிராம் சர்க்கரை. சாதாரண கோலாவில்கூட சுமார் பத்தரை கிராம்தான்.

நம் வரியும் அந்த மாமா மாதிரிதான் யோசிக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் கேஸ் அடைத்த இனிப்பு பானங்களுக்கு 40 சதவீத ஜிஎஸ்டி (முன்பு 28-ம் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி 12 சதவீதமும் இருந்தன, மொத்தத்தில் அதே அளவுதான்). சர்க்கரையே இல்லாத டயட் கோலாவுக்கும் அதே 40. அதே நாளில், கேஸ் இல்லாத பழச்சாறு பானங்களுக்கு 12 சதவீதமாக இருந்தது 5 ஆகக் குறைந்தது. உடம்புக்குள் போகிற சர்க்கரைக்கு நுரை இருந்ததா இல்லையா என்றெல்லாம் தெரியாது. வரி போடுவது சரி, நான் அதன் பக்கம்தான். ஆனால் எதன்மேல் போடுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் 2018 ஏப்ரல் 1 முதல் இனிப்பு பானங்களுக்கு ஒரு வரி இருக்கிறது. 100 மில்லியில் முதல் 4 கிராம் சர்க்கரைக்கு எதுவும் கிடையாது, அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு கிராமுக்கும் 2.1 சென்ட் (அந்த நாட்டுப் பணமான ராண்டில் நூறில் ஒன்று), அடுத்த வருடம் 2.21. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கோலாவில் 106 கிராம், வரியில்லாத 40-ஐக் கழித்தால் 66, கிராமுக்கு 2.21 வீதம் ஏறத்தாழ 1.46 ராண்ட் வரி. அதே கம்பெனி 5 கிராம் அளவில் ஒரு பானம் செய்தால் லிட்டருக்கு 22 சென்ட்தான். சர்க்கரையைக் குறைத்தால் காசு மிச்சம் என்பது குடிக்கிறவருக்கு முன்னால் தயாரிக்கிறவருக்குப் புரிந்துவிடுகிறது. 2016 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்ததிலிருந்தே, வரி அமலுக்கு வருமுன்னரே, சர்க்கரை இறங்க ஆரம்பித்துவிட்டது. நகரத்துக் குடும்பங்கள் வாங்கியதைக் கணக்கெடுத்த 2021 ஆய்வு ஒன்றின்படி, இந்தப் பானங்கள் வழியாக ஒரு ஆள் ஒரு நாளைக்கு வாங்கிய சர்க்கரை 16 கிராமிலிருந்து 11 கிராமுக்கும் கீழே வந்திருந்தது. நம்முடைய 40 சதவீதத்தில் இந்த வேலை நடக்காது, ஏனென்றால் சர்க்கரையைப் பாதியாக்கினாலும் வரி அதேதான்.

அந்த ஊரிலும் எதிர்ப்பு பலமாக இருந்தது, இன்றும் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனசு வரவில்லை. அங்கே கரும்பு விளைவது பெரும்பாலும் குவாசுலு நட்டால் மாகாணத்தில். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்கள் போய் இறங்கியது இந்தக் கரும்புக்காகத்தான். அவர்களின் வாரிசுகள் இன்றைக்கும் அந்த மாகாணத்து டர்பன் நகரில் இருக்கிறார்கள், அந்தச் சமூகத்தில் நீரிழிவு மிக அதிகம். இன்று அங்கே 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு விவசாயிகள் கரும்பு போடுகிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பின மக்கள். வரியால் எங்கள் வேலை போகிறது என்று அவர்கள் சொல்லும்போது அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அரசும் கேட்டது, 2023-ல் வர வேண்டிய உயர்வை இரண்டு வருடம் தள்ளிவைத்தது. ஆனால் அந்தத் தொழிலை அடித்தது வரி மட்டும்தானா? மலிவான இறக்குமதி இருக்கிறது. டோங்காட் ஹுலெட் என்ற பெரிய ஆலைக் கம்பெனியின் கணக்கு முறைகேடு 2019-ல் வெளியே வந்தது. கரும்புக்காரருக்கு உதவி தேவை என்றால் வரிப்பணத்திலிருந்தே கொடுக்கலாம். அதற்காகச் சர்க்கரையை மலிவாக விட்டால் அந்தக் கடனை அடைப்பது டயாலிசிஸ் வார்டில்தான்.

ஏழைகள்மேல் வரியா என்று கேட்பவர்களுக்கும் எனக்கு இதே பதில்தான். பத்து ரூபாய் பாட்டில் பன்னிரண்டு ரூபாய் ஆவதை நினைத்து வருத்தப்படுகிறோம், சரி, மாதாமாதம் இன்சுலினுக்கு ஆகிற செலவை யார் கணக்கில் எழுதுவது? கூலி வேலைக்குப் போகிற ஒருவருக்குக் கால் போனால் அந்த வீட்டின் வருமானமே போகிறது.

நமக்கு இது தெரியாத வேலையும் இல்லை. சிகரெட்டுக்கு நீளம் பார்த்து, ஆயிரம் சிகரெட்டுக்கு இத்தனை ரூபாய் என்று கலால் வரி போடுகிறோம். ஒரு பாக்கெட்டில் எத்தனை கிராம் சர்க்கரை என்று பின்னால் அச்சடித்தே இருக்கிறது, அந்த எண்ணைப் பார்த்துப் போட்டால் போதும். கோலா, மாம்பழம், ஃப்ளேவர் பால், எனர்ஜி டிரிங்க் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல்.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், புண் ஆறிக்கொண்டிருக்கிறது. அந்தப் பையை டிஸ்சார்ஜ் அன்று வார்டிலேயே யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றாள் அம்மா. பக்கத்துக் கட்டில்காரருக்கும் சர்க்கரைதான்.