மலையேற்றத்தில் நாய்: குளிரைவிட ஈரத்துக்கே அஞ்சுங்கள்

அடிவாரத்தில் 15 டிகிரி இருக்கும் நாளில் 1000 மீட்டர் ஏறினால் 8, 9 டிகிரிதான் இருக்கும். ஆகவே வசந்த காலத்தில் நாயோடு மலையேறக் கிளம்பும்போது அடிவாரத்து வானிலையைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. நீங்கள் தொடப்போகும் அதிகபட்ச உயரத்துக்கான முன்னறிவிப்பைப் பாருங்கள். காற்றின் வேகத்தையும் சேர்த்து.

உலர்ந்த ரோமம் தோலை ஒட்டிக் காற்றைப் பிடித்துவைக்கும். நாயைக் காப்பது அந்தக் காற்றுதான். ரோமம் நனைந்து படிந்துவிட்டால் அது போயிற்று. நடக்கும்வரை தசைகள் சூடு தருவதால் வெளியே எதுவும் தெரியாது. சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் நடுக்கம் தொடங்கும். அதனால் நின்றதும் உங்கள் டிபன் பாக்ஸைத் திறக்காதீர்கள், முதலில் நாயைத் துடையுங்கள். ரோமம் குறைவாக உள்ள வயிறு, அக்குள், தொடையின் உள்பக்கம் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். பிறகு கோட்டைப் போட்டு, ஈரப் பாறையில் படுக்கவிடாமல் ஒரு ஃபோம் துண்டின்மேல் உட்கார வையுங்கள். துடைக்க இரண்டு துண்டுகள் வேண்டும். ஒன்றை பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பைக்குள் கடைசிவரை ஈரமாகாமல் வைத்திருங்கள். மழைக்கோட்டு வாங்கும்போது வயிற்றை மூடுகிறதா என்று பாருங்கள். முதுகை மட்டும் மூடும் கோட்டு நிறைய விற்கிறது, ஆனால் புல்லிலும் பனியிலும் உரசி நனைவது வயிறுதான்.

நடுங்கும் நாயின் உடம்பு இன்னும் குளிரோடு போராடுகிறது. நனைந்த நாய் நடுக்கத்தை நிறுத்திவிட்டுச் சோர்ந்து தள்ளாடினால்தான் பெரிய ஆபத்து. நாயின் இயல்பான உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. 37-க்குக் கீழே போனால் உடல் குளிர்ந்துவிட்டது என்று பொருள். துவட்டி, போர்வையில் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் பொதிந்து மார்பருகே வையுங்கள். வெறும் பாட்டிலைத் தோலில் படவைத்தால் சுட்டுவிடும். கால்களை மட்டும் தேய்த்துச் சூடேற்ற முயலாதீர்கள். உடனே கீழே இறங்கி, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

அதே நாளில் காற்றில்லாத சரிவில் வெயில் அடித்தால் எதிர்ப்பக்கத் தொல்லை வரும். குளிர்கால ரோமம் இன்னும் உதிர்ந்திருக்காது. விடாமல் மூச்சிரைத்து, நாக்கு அகலமாகத் தொங்கி, ஈறு கருஞ்சிவப்பாகத் தெரிந்தால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து விசிறுங்கள். ஈற்றை இடையிடையே பார்ப்பது நல்ல பழக்கம்: விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வீட்டில் நாய் நன்றாக இருக்கும்போதே இதைப் பார்த்து வையுங்கள், வித்தியாசம் அப்போதுதான் தெரியும்.

விடியற்காலையில் கிளம்புவதே நல்லது. காலையில் இறுகியிருக்கும் பனி மதியத்துக்குள் இளகி, நாயின் கால் உள்ளே புதையும். உடைந்த மேலடுக்கின் விளிம்பு பாதத்தையும் பக்கவாட்டு நகத்தையும் கிழிக்கும். விரலிடுக்கு ரோமத்தை முன்பே கத்தரித்தால் பனிக்கட்டி உருண்டையாக ஒட்டுவது குறையும். பனி உருகி ஓடும் ஓடைகளும் பிற்பகலில்தான் பெருகும். காலையில் தாண்டிய இடம் திரும்பும்போது நாயை இழுத்துப்போகும் அளவுக்கு இருக்கலாம். திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே முடிவுசெய்துகொண்டு, சிகரம் பக்கத்தில் தெரிந்தாலும் அந்த நேரத்தில் திரும்பிவிடுங்கள். ஓடையின்மேல் மூடியிருக்கும் பனியை நம்பாதீர்கள், அடியில் பொந்தாக இருக்கும்.

மேகம் கறுக்கும்போதே கயிற்றை மாட்டுங்கள், கழுத்துப்பட்டையில் அல்ல, முதுகில் கைப்பிடி உள்ள ஹார்னஸில் (மார்பைச் சுற்றிக் கட்டும் வார்ப்பட்டை). முதல் இடியில் மிரண்டு ஓடிய நாயை மலையில் தேடுவது கொடுமை. இடி கேட்டால் முகட்டைவிட்டு இறங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே மறுபடி ஏறலாம்.

வீடு திரும்பியதும் காது, கழுத்து, விரலிடுக்கு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வெப்பம் 4, 5 டிகிரி இருந்தாலே அவை நடமாடத் தொடங்கிவிடும். எண்ணெய் தடவவோ நெருப்பு வைக்கவோ வேண்டாம். நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தெடுங்கள்.