ஸ்பேசர் வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

இருபது வருஷத்துக் கார். வேகத்தடை வந்தாலே அடி உரசும். முன்பக்கம் ஸ்பேசர் (ஸ்பிரிங்கோடு சேர்த்து வைத்து வண்டியை உயர்த்தும் கட்டை) வைத்துத் தூக்கிவிடலாம் என்று போனேன். மெக்கானிக் எதையும் அளக்காமல் 25 மி.மீ. ஸ்பேசரை மாட்டி, அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் கோணம்) பார்த்து அனுப்பிவிட்டார். வண்டி உயர்ந்தது, ஆனால் இடது பக்கம் தாழ்ந்தே நின்றது.

வீட்டுக்கு வந்துதான் டேப்பை எடுத்தேன். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் சேர்ந்து ஏமாற்றிவிடும். இடப்பக்கம் 14 மி.மீ. குறைவு. ஸ்பிரிங் உட்கார்ந்துபோயிருக்கிறது! மறுபடி போய் ஸ்பேசரைக் கழற்றி, இரண்டு பக்கமும் புது ஸ்பிரிங் போட்டேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பழைய ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றில் ஒரு துண்டே உடைந்து போயிருந்தது. அடியிலிருந்த ரப்பர் கையில் எடுத்ததும் கரித்தூளாக உதிர்ந்தது.

இதோடு முடிந்திருக்க வேண்டும். மூன்றாவது வாரம், திருப்பத்தில் எல்லாம் பழைய கதவு மாதிரி கிறீச்சென்று சத்தம். வேறொரு மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டினார்: சக்கரத்தைக் கீழே தாங்கும் லோயர் ஆர்மின் மூட்டில் இருக்கும் புஷ் ரப்பர் கிழிந்து தொங்குகிறது. ஸ்பிரிங் மாற்றியபோது, வண்டி ஜாக்கியில் நிற்க, சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுசாக முறுக்கியிருக்கிறார்கள். அந்த ரப்பர், போல்ட் நுழையும் நடு இரும்புக் குழாயோடு ஒட்டியது. தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு அப்படியே நிற்கும். பழைய ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கம். முறுக்குவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள், பக்கத்தில் நின்றும் பாருங்கள். எனக்குப் புஷ் செலவு, மூன்றாவது அலைன்மென்ட், ஒரு சனிக்கிழமை, எல்லாம் வீண்.

உயரத்தைக் கூட்டுகிறவர்கள் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறையில் (பூட்) வெடிப்பு இருக்கிறதா என்று ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் ஏறினால் ஹெட்லைட் வெளிச்சமும் மேலே ஏறும். எதிரே வந்தவர்கள் டிம் அடித்துத் திட்டிய பிறகே எனக்கு உறைத்தது. சுவரில் கோடு போட்டு, ஸ்க்ரூவைத் திருகி நானே இறக்கினேன்.

நேற்று அளந்தேன். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 3 மி.மீ. தெருமுனை வேகத்தடையில் நாலு பேரோடு ஏறி இறங்கினேன், உரசவில்லை.