நாலு டிஸ்கையும் உருவிய பிறகு எழுந்த சர்வர்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு அப்புறம், மாமாவின் போட்டோ ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களில் சிலர் புதுப் படம் எடுக்க வருவதில்லை. எர்ணாவூர், எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. பீரோவில் இருந்த ஆல்பமெல்லாம் ஒட்டிப்போன கருப்புக் கட்டியாகக் கிடந்ததைக் கையில் எடுத்துக்கொண்டே வருவார்கள். "உங்ககிட்ட காப்பி இருக்குமா அண்ணே?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் இருக்கும். மாமா எதையும் அழிக்காத ஆள். அந்தக் காப்பிகள் எல்லாம் இருக்கிற பெட்டியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு காலையில் அது எழவில்லை.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். ஏதோ ஒரு அலுவலகம் கழித்துப்போட்ட சின்ன ஸ்டோரேஜ் சர்வர் அது. 2013 வாக்கில் வந்த மாடல். கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கினோம். முன்னால் நாலு ட்ரே, ஒவ்வொன்றிலும் 4 டிபி டிஸ்க். ஒன்றில் இருப்பதே அதன் ஜோடியிலும் இருக்கும்படி இரண்டிரண்டாக மிரர் போட்டு, இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் வைத்திருக்கிறேன், ஆக 8 டிபி இடம். ஆபரேட்டிங் சிஸ்டமான டெபியன் லினக்ஸ் இருப்பது தனியாக ஒரு 120 ஜிபி எஸ்எஸ்டியில். டிவிடி டிரைவுக்கென்று விட்டிருந்த ஐந்தாவது சாட்டா போர்ட்டில் அதைச் செருகியிருந்தேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆன் செய்ததும் முதலில் ஓடும் அந்த பயாஸ், டிஸ்குகளில் முதலாவதாகத் தெரிவதிலிருந்து மட்டும்தான் பூட் ஆகும். ட்ரேக்களில் டிஸ்க் இருந்தால் முதலாவது எப்போதும் ஒன்றாம் ட்ரேதான். ஐந்தாவது போர்ட்டைத் தேர்ந்தெடுக்கப் பட்டியலில் வழியே இல்லை. அதனால் போர்டுக்குள் இருக்கும் யூஎஸ்பி போர்ட்டில் ஒரு பென்டிரைவ் போட்டு, அதில் டெபியனைத் துவக்கிவிடும் கிரப் என்ற சின்ன புரோகிராமை மட்டும் வைத்திருந்தேன். பயாஸ் பென்டிரைவை எழுப்பும், பென்டிரைவ் எஸ்எஸ்டியைக் கைகாட்டும். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

ஆடி மாதம், கல்யாண வேலை இல்லாத நேரம். இரவு பதினொரு மணிக்குப் போன கரண்ட் காலை ஐந்துக்குத்தான் வந்தது. யூபிஎஸ் எப்போதோ காலியாகிவிட்டது. கடையைத் திறந்ததும் மாமா போன் செய்தார். "இன்னாடா இது, வாயே தொறக்க மாட்டேன்னுது?" எர்ணாவூரிலிருந்து ஒரு அம்மா மகளின் மஞ்சள் நீராட்டுப் படங்களைக் கேட்டுச் சாயங்காலம் வரப்போகிறார் என்பதையும் அதே மூச்சில் சொன்னார்.

போய் மானிட்டரை மாட்டினேன். திரையில், டிஸ்குகளை ஒரே தொகுப்பாகச் சேர்த்து ஓட்டும் ரெய்ட் கன்ட்ரோலரின் பக்கம் ஒன்று நின்றது. புதிய டிஸ்குகள் நாலு இருக்கின்றன, அவற்றைச் சேர்த்து அரே உருவாக்கவா என்று கேட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்தக் கேள்விதான். நாங்கள் ரெய்டைப் பயன்படுத்தவே இல்லை, ஒவ்வொரு டிஸ்கையும் தனித்தனியாகக் காட்டும் ஏஹெச்சிஐ முறையில்தான் ஓட்டினோம். அங்கே சரி என்று அழுத்தியிருந்தால் கன்ட்ரோலர் தன் குறிப்புகளை டிஸ்குகள் மேல் எழுதியிருக்கும். மாமா பக்கத்தில் நின்று, "ஏதோ கேக்குதே, குடுத்துடேன்" என்றார். குடுக்கவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, நாலு டிஸ்கையும் வெளியே உருவினேன். ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி 1, 2, 3, 4 என்று எழுதி மேசைமேல் துண்டு விரித்து வைத்தேன். இசட்எஃப்எஸ் தன் டிஸ்கைத் தானே அடையாளம் கண்டுகொள்ளும், வரிசை மாறினாலும் பாதகமில்லை. ஆனாலும் அந்த எண் எனக்கு வேண்டியிருந்தது. அவை சர்வருக்கு வெளியே இருக்கிற வரைக்கும் நான் என்ன தப்பு செய்தாலும் படங்களுக்கு ஒன்றும் ஆகாது. கை நடுக்கம் அப்போதுதான் நின்றது.

பயாஸுக்குள் போனதும் தேதி கண்ணில் பட்டது. 2013 ஜனவரி. அப்படியானால் போர்டில் இருக்கும் பட்டன் செல் செத்துவிட்டது. சிஆர்2032, 3 வோல்ட் காட்ட வேண்டியது, மீட்டரில் 1.9 காட்டியது. செல் போனதால் பயாஸ் அமைப்புகள் எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பி, சாட்டாவும் ரெய்ட் முறைக்குப் போய்விட்டிருக்கிறது. எதிர் வரிசையில் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் பெரியவரிடம் புது செல் வாங்கி வந்து போட்டேன். ஏஹெச்சிஐக்கு மாற்றிச் சேமித்தேன். டிஸ்க் எதுவும் இல்லாமல் ஆன் செய்தேன்.

எழுந்துவிட்டது! ட்ரேக்கள் காலி என்பதால் எஸ்எஸ்டியே முதல் டிஸ்க் ஆகிவிட்டது, அதில் டெபியன் நிறுவியபோது போட்ட கிரப் நேராக வேலை செய்தது. லாகின் திரை வந்ததும் மாமா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அணைத்து, நாலு டிஸ்கையும் திரும்பச் செருகி ஆன் செய்தேன். சிஸ்டம் டிஸ்க் இல்லை என்ற வரி மட்டும் வந்து நின்றது.

இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்ததில் எனக்கு விஷயம் விளங்கியது. எஸ்எஸ்டி நன்றாக இருக்கிறது. பென்டிரைவ் கைவிட்டதால் பயாஸ் ஒன்றாம் ட்ரேக்குப் போய் அங்கே பூட் செய்ய எதுவுமில்லாமல் நிற்கிறது. பென்டிரைவைக் கழற்றி லேப்டாப்பில் செருகிப் பார்த்தேன், படிக்கும் பிழைகள் வரிசையாக ஓடின.

செல்லும் பென்டிரைவும் ஒரே இரவில் எப்படிச் செத்தன என்று மாமா கேட்டார். ஒரே இரவில் சாகவில்லை. பட்டன் செல்லுக்கு வேலை வருவதே கரண்ட் முழுக்கப் போகும்போதுதான். பென்டிரைவைப் படிப்பதும் பூட் ஆகும் அந்த ஒரு நிமிஷம் மட்டும்தான். இரண்டும் எப்போது போயின என்று யாருக்குத் தெரியும்? எட்டு மாதமாக அணைக்காமல் ஓடிய சர்வர், இரண்டு பழுதையும் தனக்குள் மூடி வைத்திருந்திருக்கிறது. பென்டிரைவ் விஷயத்தில் என் தப்பும் உண்டு. முதல் சில மாதங்கள் டெபியனையே அதில்தான் ஓட்டினேன். லாக் கோப்புகள் ராப்பகலாக எழுதி எழுதி அதைத் தேய்த்துவிட்டன. எஸ்எஸ்டிக்கு மாறியபோது புது பென்டிரைவ் போட்டிருக்க வேண்டும்.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கிற தூரம். பென்டிரைவ் இரண்டு வாங்கினேன், கூடவே ஒரு சாட்டா கேபிளும். கிளம்பும் முன் நாலு டிஸ்கையும் மறுபடி உருவி சர்வரை எழுப்பி, எஸ்எஸ்டி தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்தபோது 199-ஆம் வரி, அதாவது தரவு வழியில் கெட்டதைக் காட்டும் சிஆர்சி பிழை எண்ணிக்கை, கூடியிருந்தது. அது டிரைவின் கோளாறாக இருப்பது அபூர்வம், பெரும்பாலும் கேபிளோ கனெக்டரோதான். எங்கள் பக்கம் கடல் காற்றில் ஜன்னல் கம்பியே இரண்டு வருஷத்தில் செதில் செதிலாக உதிரும். பழைய கேபிளின் முனை மங்கிப்போயிருந்தது.

திரும்பி வந்து, டிஸ்குகள் வெளியே இருக்கும்போதே வேலையை முடித்தேன். கிரப் நிறுவும் கட்டளையில் ஒரு எழுத்து மாறினால் வேறு டிஸ்கின் தலையில் எழுதிவிடும். இப்போது பட்டியலில் இருந்தது எஸ்எஸ்டியும் பென்டிரைவும் மட்டும். இந்த முறை இன்னொன்றையும் மாற்றினேன். முன்பு ஐந்தாவது டிஸ்குக்குப் போ என்று எண்ணால் எழுதியிருந்தேன். ட்ரேயில் ஒரு டிஸ்க் பழுதாகிக் காணாமல் போனால் எஸ்எஸ்டி நான்காவதாகிவிடும், கிரப் தடுமாறி நிற்கும். டிஸ்க் செத்த நாளில் சர்வரும் எழாமல் போவது எவ்வளவு மோசம்! அதனால் எஸ்எஸ்டி பார்டிஷனை அதற்கென்றே இருக்கும் யூயூஐடி என்ற அடையாள எண்ணால் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருக்கும் கிரப் கோப்பைத் திறக்கும்படி எழுதினேன். சோதிப்பதற்கு ஒரு ட்ரேயை மட்டும் காலியாக விட்டு ஆன் செய்தேன், எழுந்தது. பிறகு டிஸ்குகளை ட்ரே மாற்றிச் செருகியும் பார்த்தேன், எழுந்தது.

நாலும் உள்ளே போனதும், அவை சேர்ந்த இசட்எஃப்எஸ் தொகுப்பான பூல் தானாக வந்து சேர்ந்தது. 2009-இல் எடுத்த படங்கள் வரைக்கும் அத்தனை ஃபோல்டரும் இருந்தன. நான் ஒன்றும் பேசவில்லை, மாமாவும் பேசவில்லை, டீ சொல்லப் போய்விட்டார். எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்கிரப்பை இரவு ஓடவிட்டேன். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது, பிழை பூஜ்யம்.

இரண்டாவது பென்டிரைவில் முதலாவதை அப்படியே நகல் எடுத்து, மூடியின் உட்புறம் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். செல் மாற்றிய தேதி அதன் பக்கத்தில் எழுதியிருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு, கடைக்கு யாரும் வராத மதிய நேரத்தில் சர்வரை முறையாக அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிஷம் விட்டுத் திரும்ப ஆன் செய்கிறேன். எழுந்த பிறகுதான் வீட்டுக்குச் சாப்பிடப் போவேன்.

எர்ணாவூர் அம்மா அன்றைக்கு ஆறரை மணிக்கு வந்தார். 212 படங்கள். பிரிண்ட் பிறகு போட்டுக்கொள்ளலாம், இப்போதைக்குப் பார்த்தால் போதும் என்று ஸ்டூலை மானிட்டருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.